சொந்தக் காசில் சண்டை!

(போன இதழில் ‘300’ படத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். தபாலில் ஈட்டியும் கேடயமுமாக வந்து குவிந்துவிட்டது. ஆகவே இந்த வாரம் முழுக்கப் பழைய கிரேக்கச் சிப்பாய்களுக்கு. அரசியல், சினிமா கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்தருள்க.)

‘300’ படத்தில் ஸ்பார்ட்டா வீரர்கள் சட்டையே இல்லாமல் சண்டை போடுகிறார்களே, நிஜத்திலும் அப்படித்தானா?
– திருச்சி வாசகர்

அப்படி நின்றிருந்தால் முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே படம் முடிந்திருக்கும். எதிரே நின்றவர்கள் பாரசீக வில்லாளிகள்! கி.மு. 480-ல் தெர்மோபிலே கணவாயில் நின்ற ஸ்பார்ட்டாக்காரருக்கு வெண்கல ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வெண்கலத் தகடு, இடது கையில் பெரிய வட்டக் கேடயம் எல்லாம் உண்டு. சிவப்புத் துணியும் நீள முடியும் படத்தில் சரி. 300 பேர்தான் நின்றார்கள் என்பதும் சினிமாக் கணக்கு. ஆரம்பத்தில் கிரேக்கர்கள் ஏறக்குறைய 7,000 பேர் இருந்தார்கள். கடைசி நாளிலும் தெஸ்பியாய் என்ற சின்ன ஊரின் 700 பேர் தாங்களாகவே விரும்பி நின்று செத்தார்கள். பாவம், போஸ்டரில் அவர்கள் பெயர் இல்லை.

ஹாப்லைட் என்றால் யார்? அவருக்குச் சம்பளம் எவ்வளவு?
– ஈரோடு வாசகி

கேடயமும் ஈட்டியுமாக அணிவகுத்து நின்ற கிரேக்கக் காலாள். ராணுவ உத்தியோகஸ்தர் இல்லை. ஒலிவ மரம் வைத்திருப்பவர், பானை செய்பவர், செருப்புத் தைப்பவர். போர் வேண்டுமா, வேண்டாமா என்று ஊர் கூடி முடிவெடுக்கும். போர் வேண்டும் என்று கை தூக்கிய அதே ஆள்தான் வீட்டுக்குப் போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் கேடயத்தை இறக்கித் தூசி தட்ட வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்தால் உலகத்தில் பாதிப் போர் நின்றுவிடும் என்பது என் கட்சி.

சம்பளம்? ஆரம்பத்தில் கிடையாது. பின்னால், வெளியூர் முற்றுகைகள் மாதக்கணக்கில் இழுத்தபோது ஏதென்ஸ் படி கொடுத்தது. பொடிடேயா என்ற ஊரின் முற்றுகையில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 திராக்மா (அவர்கள் நாணயம்): ஒன்று அவருக்கு, இன்னொன்று அவர் கேடயத்தையும் சாப்பாட்டு மூட்டையையும் தூக்கி வந்த வேலையாளுக்கு. ஸ்பார்ட்டா கதை வேறு. அங்கே குடிமகனுக்குச் சண்டைப் பயிற்சியே முழுநேர வேலை. அவர் நிலத்தை ஹெலட் என்ற அடிமைக் குடிகள் உழுது போட்டார்கள். ஸ்பார்ட்டாவின் வீரத்தைப் புகழ்கிறவர்கள் இந்த வரியை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

ஆயுதமும் சொந்தக் காசா? என்ன செலவாகும்?
– கோவை வாசகர்

கோவைக்காரர் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். கி.மு. 6-ம் நூற்றாண்டின் கடைசியில் ஏதென்ஸ் வெட்டிவைத்த ஒரு கல்வெட்டு, சலாமிஸ் தீவில் குடியேறுகிறவர் 30 திராக்மா மதிப்புள்ள ஆயுதங்களைத் தாமே வைத்திருக்க வேண்டும் என்கிறது. 30 எவ்வளவு பெரிய தொகை? அதற்குச் சில தலைமுறை முந்திய, சட்டம் இயற்றிய சோலோன் காலத்தில் ஒரு மாட்டின் விலை 5 திராக்மா என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் குறித்திருக்கிறார். அந்த விலையில் பார்த்தால், போருக்குப் போகிறவர் ஆறு மாடுகளை உடம்பில் மாட்டிக்கொண்டு போகிறார்!

முடியாதவர்கள் கப்பலில் துடுப்பு வலித்தார்கள். அல்லது கல்லும் எறியீட்டியுமாக ஓரத்தில் ஓடினார்கள். ஆக, அணியில் நிற்பது வீரத்துக்குச் சான்றாக இருந்ததோ இல்லையோ, வசதிக்குச் சான்று. கி.மு. 4-ம் நூற்றாண்டில்தான் ஏதென்ஸ் அரசு கொஞ்சம் இறங்கிவந்து, பயிற்சியின் இரண்டாம் வருடத்தில் இளைஞர்களுக்கு ஒரு கேடயமும் ஈட்டியும் கொடுத்தது. ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் அந்தப் பட்டியலில் இல்லை!

அவ்வளவு பெரிய கேடயத்தை ஒரே கையில் எப்படித் தூக்கினார்கள்?
– நாகர்கோவில் வாசகர்

கையில் தூக்கவில்லை என்பதுதான் சூட்சுமம். பாப்லர், வில்லோ மாதிரி லேசான மரத்தைப் பலகைகளாக ஒட்டி, குடைந்து, ஆழம் குறைந்த பெரிய தட்டுப் போலச் செய்வார்கள். விட்டம் 80 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. உள்பக்கம் தோல். முகப்பில் அரை மில்லிமீட்டர் அளவே கனமான வெண்கலத் தகடு. சில கேடயங்களில் விளிம்புக்கு மட்டுமே வெண்கலம். எடை 6 முதல் 8 கிலோ.

உள்ளே நடுவில் ஒரு வெண்கல வளையம். அதில் கையை முழங்கை வரை நுழைத்துவிட்டு, விளிம்பருகே இருக்கும் கயிற்றை விரல்களால் பிடிக்க வேண்டும். அதாவது பாரம் மணிக்கட்டுக்கு இல்லை, முழங்கைக்கு. கை ஓய்ந்தால், உள்வளைந்த விளிம்பைத் தோள்மேல் சாய்த்துக்கொண்டு நிற்கலாம். இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருக்க வேண்டிய ஆளுக்கு இது பெரிய உபகாரம்.

ஒரு சிக்கல். முழங்கை வட்டத்தின் நடுவில் இருப்பதால், கேடயத்தின் பாதி அவரைத் தாண்டி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாதியால் அவருக்குப் பெரிய லாபமில்லை. லாபமெல்லாம் இடப்பக்கத்து ஆளுக்கு. அப்படியானால் நம்மவரின் வலது விலாவை மறைப்பது? வலப்பக்கத்து ஆளின் கேடயம். ஒவ்வொருவரும் அந்தக் கேடயத்துக்குள் இன்னும் கொஞ்சம் ஒண்டிக்கொள்ளப் பார்ப்பார்கள். மொத்தப் படையும் நடக்க நடக்க வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். கி.மு. 418 மான்டினியா போரை எழுதும்போது வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் இதைச் சொல்லிவிட்டு, காரணம் பயம் என்று பட்டவர்த்தனமாகப் போட்டு உடைக்கிறார். அவரே தளபதியாக இருந்து பதவியிழந்தவர். பயத்தைப் பற்றிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு.

கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினால் என்ன தண்டனை?
– மன்னார்குடி வாசகர்

எந்த நூற்றாண்டில் ஓடினீர்கள் என்பதைப் பொறுத்தது. கி.மு. 7-ம் நூற்றாண்டில் ஆர்கிலோக்கஸ் என்ற கவிஞர், திரேஸில் தம் கேடயத்தை ஒரு புதருக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு ஓடி வந்ததைத் தாமே கவிதையாக எழுதினார். உயிர் பிழைத்தது போதும், இதைவிட மோசமில்லாத கேடயம் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். காசு வைத்திருந்த கவிஞர் போலிருக்கிறது. எந்தக் காலத்திலும் நம்ப முடியாத செய்தி.

பிற்கால ஏதென்ஸில் இது குற்றம். குடியுரிமை பறிபோகும், சபையில் பேச முடியாது. ஒருவர் ஓடாதபோது ‘ஓடினார்’ என்று சொன்னாலும் அவதூறு. அபராதம் 500 திராக்மா. கிளியோனிமஸ் என்ற அரசியல்வாதியின் பெயரை இன்று வரை யாரும் மறக்கவில்லை. அவர் கேடயம் போட்ட கதையை அரிஸ்டோபேனிஸ் நாடகத்துக்கு நாடகம் இழுத்துவந்து கிண்டலடித்ததுதான் காரணம்.

ஹெல்மெட்டை விட்டால் யாரும் கேட்பதில்லை, கேடயத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் போட்டிருப்பவருக்கு, கேடயம் முழு வரிசைக்கு என்று டெமராட்டஸ் என்ற ஸ்பார்ட்டா அரசர் விளக்கினாராம். மேலே நாகர்கோவில்காரருக்குச் சொன்ன பதிலைப் பார்க்க.

“கேடயத்தோடு வா, அல்லது கேடயத்தின் மேல் வா” என்று ஸ்பார்ட்டாத் தாய் சொன்னது உண்மையா?
– சிவகாசி வாசகி

வசனம் பிரமாதம், சாட்சி பலவீனம். நமக்கு இதைச் சொல்கிறவர் புளூட்டார்க். அவர் ஸ்பார்ட்டாவின் நல்ல காலம் முடிந்து நானூறு வருடத்துக்கு மேல் கழித்து எழுதியவர். போரில் செத்த ஸ்பார்ட்டாக்காரர்களைப் பெரும்பாலும் செத்த இடத்திலேயே புதைத்தார்கள். மேலே வைத்துத் தூக்கிவர ஆளும் இல்லை, வழக்கமும் இல்லை.

கண் மட்டும் தெரியும் அந்த ஹெல்மெட்டுக்குள் காது கேட்குமா?
– வேலூர் வாசகர்

கேட்காது. கொரிந்து ஹெல்மெட் என்பது ஒரே வெண்கலத் துண்டை அடித்து அடித்துத் தலை, கன்னம், மூக்கு, பிடரி எல்லாம் மூடும்படி இழுத்தது. கண்ணுக்கு இரண்டு துளை, வாய்க்கு நேராக ஒரு பிளவு. காதுக்கு ஒன்றும் இல்லை. தளபதி தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே தம் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். ஊதுகொம்பு வைத்து ‘போ’, ‘நில்’ என்று இரண்டு செய்தி சொன்னால் அதுவே பெரிது. நல்லவேளை, அந்தக் காலச் சண்டையில் அதற்கு மேல் தந்திரமும் அதிகமில்லை. சண்டை சிக்கலாக ஆக, ஹெல்மெட் திறந்துகொண்டே வந்தது. காதுக்கு இடம் விட்டார்கள், மூக்குப் பட்டையைக் குறைத்தார்கள். கடைசியில் ஸ்பார்ட்டாக்காரர்களே வெறும் கூம்புத் தொப்பிக்கு வந்துவிட்டார்கள்.

சண்டை இல்லாத நேரத்தில் அதை நெற்றிக்கு மேலே தள்ளி வைத்துக்கொள்வார்கள். ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் சிலையில் இருப்பது அந்தக் கோலம்தான். அவர் தலை அளவுக்கு மீறி நீளம், அதை மறைக்கவே சிற்பிகள் ஹெல்மெட்டோடு செதுக்கினார்கள் என்று வம்பு பேசுகிறார் நம்ம புளூட்டார்க்.

இரும்பு தெரிந்த காலம்தானே? ஏன் வெண்கலத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்?
– தூத்துக்குடி வாசகர்

ஈட்டி முனையும் வாளும் இரும்புதான். ஆனால் அவர்கள் உலையின் சூட்டில் இரும்பு உருகி ஓடாது. பஞ்சு மாதிரிக் கட்டியாக வரும். அதைத் தட்டித் தட்டிப் பதப்படுத்த வேண்டும். அதிலிருந்து மெல்லிய பெரிய தகடு எடுப்பது நடக்கிற காரியமில்லை. வெண்கலம் சொன்னபடி வளையும், விரியும், துருப்பிடிக்காது. காலில் போடும் தகட்டைப் பாருங்கள்: பெரும்பாலும் வார் கிடையாது, கொக்கி கிடையாது. விரித்து மாட்டினால் அதன் துள்ளலே கெண்டைக்காலைக் கவ்விக்கொள்ளும். ஒவ்வொன்றும் போடுகிறவர் கால் அளவுக்கு அடித்தது. அண்ணன் தகடு தம்பிக்குச் சேராது.

துணியாலும் கவசம் செய்தார்களாமே? நம்புகிறீர்களா?
– சேலம் வாசகர்

துணியை நம்புகிறேன், பசையை நம்பவில்லை. விவரம் இது. 1953-ல் ஆர்கோஸ் நகரில் கி.மு. 8-ம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே மணி வடிவ வெண்கல மார்புக் கவசமும் ஹெல்மெட்டும் இருந்தன. அது பழைய மாடல். பின்னால் வந்த ஜாடி ஓவியங்களில் ஆட்கள் வேறொன்று அணிந்திருக்கிறார்கள்: உடம்பைச் சுற்றி ஒரு குழாய், தோளில் இரண்டு பட்டை, இடுப்புக்குக் கீழே தொங்கும் நறுக்குகள். பெரும்பாலும் ஆளிச்செடி நாரில் நெய்த லினன் துணி, சில சமயம் தோல். துணி மண்ணில் மக்கிவிடும் என்பதால் ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை.

அமெரிக்காவில் விஸ்கான்சின்–கிரீன் பே பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் கிரெகரி ஆல்ட்ரீட்டும் மாணவர்களும் லினன் துணியை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் அம்பு எய்து பார்த்தார்கள். அம்பு தோற்றது, 2013-ல் புத்தகமும் வந்தது. ஆனால் பசை போட்டதாகப் பழைய சான்று எதுவும் கிடையாது, தைத்தோ திணித்தோதான் செய்திருக்க வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எதிர்க்கட்சியில் நானும் ஒரு ஓட்டு. ஒரு மழை பெய்தால் பசைக் கவசத்தின் கதி என்ன!

இந்த கிரேக்கர்களோடு இந்தியர் யாராவது மோதியிருக்கிறார்களா? (அலெக்சாந்தரைச் சொல்லாதீர்கள்!)
– தேனி வாசகி

அலெக்சாந்தருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே மோதியாயிற்று. அதுவும் கிரேக்க மண்ணில். பாரசீகப் பேரரசு அப்போது சிந்து நதி வரை எட்டியிருந்தது. ஆகவே கிரேக்கத்தின் மேல் படையெடுத்த பாரசீக மன்னர் செர்க்சிஸின் சேனையில் இந்தியர்களும் இருந்தார்கள்: பருத்தி உடை, மூங்கில் வகை வில், இரும்பு முனை அம்பு. கி.மு. 479-ல் பிளாட்டியா போரில் அவர்களை எந்தெந்த ஊர்க்காரர்களுக்கு எதிரே நிறுத்தினார்கள் என்பது வரை வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் குறித்திருக்கிறார். வெண்கலத்துக்கு எதிரே பருத்தி! முடிவு என்ன ஆகியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிரேக்கக் கோடை வெயிலுக்கு மட்டும் நம்மவர் உடைதான் சரி.

ஈட்டியின் பின்பக்கமும் கூராக இருக்கிறதே, தன் பின்னால் நிற்பவரைக் குத்தவா?
– கடலூர் வாசகர்

குத்தியும் இருக்கும், யாரும் எழுதிவைக்கவில்லை. ஈட்டி 2 முதல் 2.5 மீட்டர், பெரும்பாலும் ஆஷ் மரம். முன்னால் இரும்பு, பின்னால் வெண்கலக் கூர். மண்ணில் குத்தி நிறுத்தலாம். முன்பாரத்துக்குச் சமன் செய்யும். ஈட்டி நடுவில் முறிந்தால் மிச்சத்தைத் திருப்பிப் பிடித்துச் சண்டையைத் தொடரலாம். அதுவும் போனால்தான் வாள். ஸ்பார்ட்டா வாள் ரொம்பக் குட்டை. “வித்தைக்காரன் விழுங்கிவிடுவானே” என்று ஓர் ஏதென்ஸ்காரர் நக்கலடிக்க, எதிரிக்கு எட்டுகிறதே, போதாதா என்றாராம் ஸ்பார்ட்டாவின் அரசர்.

கேடயத்தில் படம் வரைந்தது அழகுக்கா, அடையாளத்துக்கா?
– பழனி வாசகர்

வீம்புக்கு. ஒரு ஸ்பார்ட்டாக்காரர் நிஜ ஈ அளவுக்கே ஒரு ஈயை வரைந்துகொண்டார். “யார் கண்ணுக்கும் படாமல் தப்பிக்கவா?” என்று கேட்டார்கள். எதிரிக்கு இது தெரிகிற அளவு கிட்டே போவேன் என்று பதில். ஏதென்ஸ் அரசியல்வாதி ஆல்சிபியாடிஸ் தம் தங்கக் கேடயத்தில் இடியேந்திய காதல் தேவனைப் போட்டுப் பெரியவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

ஊர் எழுத்துப் போடும் வழக்கமும் வந்தது. சிக்கியோன் நகரத்துக் கேடயத்தில் ‘சிக்மா’ எழுத்து. கொரிந்து அருகே நடந்த ஒரு சண்டையில் பாசிமாக்கஸ் என்ற ஸ்பார்ட்டா அதிகாரி, சிக்கியோன்காரர்களின் கேடயங்களை வாங்கித் தம் குதிரை வீரர்களிடம் கொடுத்து, இந்த எழுத்தைப் பார்த்து, வருவது ஸ்பார்ட்டாக்காரர் என்று தெரியாமல் எதிரி ஏமாறட்டும் என்று பாய்ந்தார். எதிரி ஏமாந்தது வாஸ்தவம். பாசிமாக்கஸ் செத்துப்போனதும் வாஸ்தவம்.

ஆயுதம் செய்தவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்களா?
– கரூர் வாசகர்

பின்னே? போர்க்களத்தில் நிற்பவர் குடிமகன். அவருக்குக் கேடயம் விற்பவர் பல சமயம் குடியுரிமையே இல்லாதவர். பேச்சாளர் லிசியாஸின் குடும்பம் சிராக்யூஸிலிருந்து வந்து ஏதென்ஸில் குடியேறியது. கி.மு. 404-ல் ‘முப்பதின்மர்’ கொடுங்கோல் ஆட்சி அவர்கள் சொத்தைச் சூறையாடியபோது கிடைத்தவை 700 கேடயங்களும் 120 அடிமைகளும். பாசியான் என்பவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்று, பேங்கர் ஆகி, கேடயப் பட்டறையும் வைத்தார். ஊருக்கு 1,000 கேடயம் நன்கொடை கொடுத்தார். குடியுரிமை பின்னாலேயே வந்தது. நன்கொடை கொடுத்துக் கௌரவம் வாங்கும் கலை எவ்வளவு பழசு பாருங்கள்.

அமைதி வந்தால் இவர்கள் பாடு திண்டாட்டம். கி.மு. 421-ல் அரிஸ்டோபேனிஸ் போட்ட ‘அமைதி’ நாடகத்தில் கவச வியாபாரி ஒருவர் அழுதுகொண்டு வருகிறார். கதாநாயகனான விவசாயி அந்த மார்புக் கவசத்தை வாங்கி, கழிப்பறைப் பாத்திரமாக ஆகுமா என்று உட்கார்ந்து பார்க்கிறார். ஈட்டிகளைப் பாதியாக அறுத்துத் திராட்சைக் கொடிக்குக் கம்பாக நட, அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். கொட்டகையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதே கவசம் தொங்கியிருக்கும்.

இவ்வளவையும் சுமந்துகொண்டு ஓட முடியுமா?
– அரக்கோணம் வாசகர்

ஒலிம்பிக்கில் போட்டியே வைத்தார்கள். கி.மு. 520-லிருந்து ஹெல்மெட், கேடயம், கால் தகடு சகிதம் ஓட்டம். எல்லோருக்கும் ஒரே எடை வேண்டும் என்று ஒலிம்பியாவில் 25 கேடயங்கள் தனியாகவே இருந்தன. கி.மு. 490 மாரத்தானில் ஏதென்ஸ்காரர்கள் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஓடியே தாக்கினார்கள் என்பது ஹெரடோட்டஸ் கணக்கு. முழுக்க ஓடியிருக்க மாட்டார்கள். அம்பு எட்டும் கடைசி இருநூறு மீட்டர் ஓடியிருப்பார்கள் என்பது என் கணக்கு. அம்பு வந்தால் நானும் ஓடுவேன்.

சாக்ரடீஸ் போருக்குப் போனாரா?
– புதுச்சேரி வாசகி

மூன்று போர். கி.மு. 424 டேலியம் தோல்வியில் எல்லோரும் சிதறி ஓட, அவர் மட்டும் சுற்றுமுற்றும் முறைத்துப் பார்த்தபடி நிதானமாக நடந்து வந்தார். கிட்டே போக எதிரிக்கே யோசனை. இதற்கு நேரெதிர் உதாரணமும் உண்டு. வாள் பட்டறை முதலாளியின் பிள்ளை டெமோஸ்தனிஸ், வாய்கிழியப் போர் முழக்கம் செய்த பேச்சாளர். கி.மு. 338-ல் கேரோனியாவில் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடினார் என்கிறார்கள். அவர் கேடயத்தில் பொன்னெழுத்தில் எழுதியிருந்தது: ‘நல்லதிர்ஷ்டம்’.

அப்புறம் ஏன் இந்த வீரர்கள் காணாமல் போனார்கள்?
– தருமபுரி வாசகர்

கனமும் மெதுவும்தான் காரணம். கி.மு. 390-ல் லெக்கேயம் அருகே, இஃபிக்ராட்டிஸ் என்ற ஏதென்ஸ் தளபதியின் ஆட்கள் சின்னக் கேடயமும் எறியீட்டியுமாக வந்து, 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டாப் படையை எட்ட நின்றே எறிந்து எறிந்து சின்னாபின்னம் செய்தார்கள். துரத்தினால் ஓடுவார்கள், திரும்பினால் வருவார்கள். ஏறக்குறைய 250 பேர் பலி. அடுத்த அரை நூற்றாண்டில் மாசிடோனியாவின் மன்னர் பிலிப், இரண்டு கையாலும் பிடிக்கும் மிக நீண்ட ஈட்டியைச் சம்பளக்காரப் படையிடம் கொடுத்தார். மேலே சொன்ன கேரோனியா அவர் வென்றதுதான். முழுநேரச் சிப்பாய் வந்ததும் பகுதிநேரச் சிப்பாய் வயலுக்குத் திரும்பினார்.

நிஜக் கேடயம், ஹெல்மெட் எங்கே பார்க்கலாம்?
– மதுரை வாசகர்

கிரேக்கப் பயணம் வாய்த்தால் இரண்டு இடம் தவறவிடாதீர்கள். ஏதென்ஸ் அகோரா மியூசியத்தில், கி.மு. 425-ல் பைலோஸில் ஸ்பார்ட்டாக்காரரிடமிருந்து பறித்த கேடயம். 1936-ல் ஒரு பழைய நீர்த்தொட்டிக்குள் நசுங்கிக் கிடந்து கிடைத்தது. ‘ஏதென்ஸ்காரர்கள், பைலோஸில், லாசிடிமோனியரிடமிருந்து (அதாவது ஸ்பார்ட்டாக்காரரிடமிருந்து)’ என்று முகப்பிலேயே புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறது. அடுத்தது ஒலிம்பியா மியூசியம். மாரத்தான் தளபதி மில்டியாடிஸ் சீயஸ் கடவுளுக்குக் காணிக்கை வைத்த ஹெல்மெட், பெயரோடு இருக்கிறது. மேல்பகுதி அரித்துப்போய்விட்டது. பெயர் பொறித்த கன்னத்துப் பக்கம் குனிந்து பாருங்கள், எழுத்து சின்னது.